படத்தில் எழுதிய இலக்கம் யாருடையது?

ஒரு இரும்புத் தகட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வட்டத் துளை. அந்தத் துளைக்குள் ஒரு தண்டு போய்ப் பொருந்த வேண்டும். தகட்டைச் செய்பவர் ஒரு ஊர், தண்டைச் செய்பவர் வேறு ஊர். ஒருவரை ஒருவர் கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை. இருவருக்கும் இடையில் இருப்பது ஒரு வரைபடம் மட்டும்தான். அதில் துளையின் விட்டம் 20 மில்லிமீற்றர், தண்டின் விட்டமும் 20 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறது. இது போதுமா?

போதாது. ஏனென்றால், மிகச் சரியாக 20 மில்லிமீற்றர் என்று ஒன்றை இந்த உலகத்தில் யாராலும் செய்ய முடியாது. ஒரு துளை 20.03 ஆக வரும், அடுத்தது 19.97 ஆக வரும். தண்டும் அப்படித்தான். 20.04 தண்டு 19.97 துளைக்குள் போகாது. ஆகவே வரைபவர் இன்னொரு முடிவையும் எடுத்து எழுத வேண்டியிருக்கிறது: துளை 20 ± 0.05, தண்டு 19.85 ± 0.05. இப்போது மிகச் சிறிய துளை 19.95, மிகப் பெரிய தண்டு 19.90. எந்தத் தகட்டை எடுத்தாலும் சரி, எந்தத் தண்டை எடுத்தாலும் சரி, உள்ளே போகும்.

அந்தக் கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் வரும் சின்ன இலக்கத்தைப் பட்டறைகளில் 'ரொலரன்ஸ்' என்பார்கள். நாங்கள் இங்கே 'சகிப்பெல்லை' என்று எழுதுகிறோம். எவ்வளவு பிசகினால் பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது.

இதெல்லாம் பொறியியல் பீடத்து ஆக்களின் பாடம், கலைப்பீடத்தில் படிக்கிற உங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பதில் இது: ஒரு வேலை சரியா பிழையா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குத்தான் அந்தச் சின்ன இலக்கம் பதில் சொல்கிறது. அது அரசியல் கேள்வி. அந்த உரிமை கையிலிருந்து கடதாசிக்குப் போக ஏறத்தாழ இருநூறு வருடம் எடுத்தது. அந்தப் பயணத்தில் இழந்தவர்களும் உண்டு, பெற்றவர்களும் உண்டு.

ஓடாவியாரின் கதவு

முதலில் இலக்கம் இல்லாத உலகத்தைப் பார்ப்போம். வீட்டுக்குக் கதவு போட வரும் ஓடாவியார், நிலைக்கு எத்தனை மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. கதவை நிலையில் வைத்துப் பார்ப்பார். இடிக்கிற இடத்தில் சீவுளி போடுவார். திரும்ப வைத்துப் பார்ப்பார். அந்தக் கதவு அந்த நிலைக்கு மட்டும்தான் பொருந்தும். பக்கத்து வீட்டு நிலைக்குப் போகாது. ஆனால் தன் நிலையில் அது அச்சாவாக இருக்கும்.

18 ஆம் நூற்றாண்டு வரை இயந்திரங்களும் துப்பாக்கிகளும் இப்படித்தான் செய்யப்பட்டன. ஒவ்வொரு உறுப்பையும் அரத்தால் ராவி ராவிப் பக்கத்து உறுப்புக்குப் பொருத்துவார்கள். ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொரு துப்பாக்கிக்குப் போகாது. அளவு என்பது அந்தக் கைவினைஞரின் விரலிலும் கண்ணிலும் இருந்தது.

அந்தக் காலத்தில் நுணுக்கத்தை எப்படிச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்குப் பெரிய சிலிண்டர்கள் தேவைப்பட்டன. பீரங்கிக் குழாய் குடைவதற்காக ஜோன் வில்கின்சன் உருவாக்கிய முறையால் அவை கிடைத்தன. வாட்டின் பங்காளி மத்தேயு போல்டன் 1776 இல் அதைப் பாராட்டி எழுதும்போது, 50 அங்குலச் சிலிண்டர் ஒன்று எந்த இடத்திலும் ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூடப் பிசகவில்லை என்ற கருத்தில் எழுதினார். பிசகை அளக்க அவர் கையில் இருந்த அலகு காசு. ஆனாலும் அது மனதளவில் ஒரு சகிப்பெல்லைதான். அதை வரைபடத்தில் எழுதும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

இரண்டு வளையங்கள்

எழுத வேண்டிய தேவை எங்கே வந்தது? போர்க்களத்தில்.

ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்ஸ், 1765 இலிருந்து தன் பீரங்கிப் படையைச் சீரமைக்கத் தொடங்கியது. அந்தச் சீர்திருத்தம் கிரிபோவால் என்ற அதிகாரியின் பெயரால் அறியப்படுகிறது. பீரங்கிக் குண்டு குழாயை விட மிகச் சிறியதாக இருந்தால், வெடிமருந்தின் வாயு பக்கங்களால் தப்பிப் போய்விடும், குண்டு தூரம் போகாது. பெரியதாக இருந்தால் குழாய்க்குள் இறுகிவிடும். ஆகவே குண்டுகளைப் பரிசோதிக்க இரண்டு இரும்பு வளையங்கள் வைத்தார்கள். ஒன்று சற்றுப் பெரியது, மற்றது சற்றுச் சிறியது. குண்டு பெரிய வளையத்துக்குள்ளால் போக வேண்டும், சிறிய வளையத்துக்குள்ளால் போகக் கூடாது. இரண்டும் சரியென்றால் ஏற்பு. இல்லையென்றால் திருப்பி அனுப்பு.

இந்த இரண்டு வளையங்கள்தான் இன்று நாங்கள் எழுதும் ± குறியின் மூதாதையர். மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று, இடையில் எங்கே விழுந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கடைசி வசனத்தில்தான் விசயம் இருக்கிறது. வளையம் வருவதற்கு முன் ஒரு அரச பரிசோதகர் வந்து உறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "இது சரியில்லை" என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது. செய்தவர் எவ்வளவு வாதாடினாலும் அவர் சொல்லுக்கு எதிராகக் காட்ட எதுவும் இல்லை. சென்-எத்தியேன் நகரத்துத் துப்பாக்கிக் கைவினைஞர்களுக்கும் அரசுப் பரிசோதகர்களுக்கும் இடையில் இந்தப் பிரச்சினை நீண்ட காலம் இழுபட்டது. வரலாற்றாசிரியர் கென் ஆல்டர் இந்தக் காலத்தை ஆராய்ந்து சொல்வது என்னவென்றால், சகிப்பெல்லை வெறும் தொழில்நுட்பக் கண்டுபிடிப்பாக வந்ததல்ல, இந்த இழுபறியின் விளைவாக வந்தது. அரசுக்கு ஒரே மாதிரியான பொருள் வேண்டும். செய்தவருக்குத் தன் பொருள் காரணமில்லாமல் தள்ளப்படக் கூடாது. இருவரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. நம்பாத இருவருக்கு நடுவில் வைக்கக்கூடியது ஒரு எல்லைதான்.

எனவே ஆரம்பத்திலிருந்தே அந்த எல்லைக்கு இரண்டு முகம். ஒரு முகம் கைவினைஞரைக் கட்டுப்படுத்தியது. மறுமுகம் பரிசோதகரின் வாயையும் கட்டியது.

அதே பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் இன்னும் ஒரு படி போனார். துப்பாக்கியின் சுடுபொறி உறுப்புகளை, எதை எடுத்தாலும் எதோடும் பொருந்தும்படி செய்து காட்டினார். பரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். ஐம்பது சுடுபொறிகளின் உறுப்புகள் கழற்றிப் பெட்டிகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஜெபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார், பொருந்தின. 1785 ஒகஸ்டில் ஜோன் ஜே என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இதை வியப்போடு சொல்கிறார். ஆனால் பிரான்சில் பிளாங்கின் முறை நிலைக்கவில்லை. கைவினைஞர்கள் எதிர்த்தார்கள், செலவும் கூடுதலாக இருந்தது, புரட்சிக்குப் பிந்தைய அரசுகளும் அதைக் கைவிட்டன.

படம் இரகசியமாக இருந்த காலம்

இதே காலத்தில் வரைபடத்தின் கதை வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. கஸ்பார் மோஞ்ச் என்ற இளைஞர் மெசியேர் நகரத்து இராணுவப் பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். வியாபாரி ஒருவரின் மகன். பிரபுக் குடும்பத்தில் பிறக்காதபடியால் அதிகாரிகளோடு மாணவராகச் சேர முடியவில்லை. படம் வரைபவராகத்தான் எடுத்தார்கள்.

ஒருநாள் ஒரு கோட்டையின் மதில் உயரங்களைத் தீர்மானிக்கும் கணக்கைக் கொடுத்தார்கள். வழக்கமான முறையில் அது நீண்ட எண்கணித வேலை. மோஞ்ச் வரைதல் மூலமே அதை வேகமாகத் தீர்த்துக்கொண்டு வந்தார். இவ்வளவு கெதியாகச் செய்திருக்க முடியாது என்று மேலதிகாரி முதலில் விடையைப் பார்க்கவே மறுத்துவிட்டாராம். பார்த்த பிறகு அந்த முறையை இராணுவ இரகசியமாக்கிவிட்டார்கள். புரட்சிக்குப் பிறகு, 1795 இல்தான் மோஞ்ச் அதைப் பகிரங்கமாகப் படிப்பித்தார்.

அதுதான் ஒரு முப்பரிமாணப் பொருளை மேலிருந்து ஒரு பார்வை, முன்னாலிருந்து ஒரு பார்வை என்று தட்டையான கடதாசியில் பிழையில்லாமல் வைக்கும் முறை. இன்று தொழில்நுட்பப் பாடம் படித்தவர்கள் கீறியிருக்கக்கூடிய எறியப் படங்களுக்கு அடிப்படை இதுதான். வடிவத்தை அறியாத ஒருவருக்கு வடிவத்தைக் கடதாசி மூலம் சொல்ல முடிந்தது. ஆனால் எவ்வளவு பிசகலாம் என்று அந்தப் படம் சொல்லவில்லை. வடிவம் கடதாசிக்கு வந்துவிட்டது, தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஒரு நாடகமும் ஒரு வேலையும்

ஜெபர்சனின் கடிதத்துக்குப் பிறகு கதை அமெரிக்காவுக்குப் போகிறது. 1798 இல் ஈலை விட்னி, இரண்டு வருடத்தில் 10,000 துப்பாக்கிகள் செய்து தருவதாக அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டார். 1801 சனவரியில் வாஷிங்டனில் ஜோன் அடம்ஸ், ஜெபர்சன் முதலியோருக்கு முன்னால் உறுப்புகளைக் கலந்து போட்டு எடுத்துப் பூட்டிக் காட்டினார். எல்லாரும் அசந்துபோனார்கள். பாடப் புத்தகங்களும் கனகாலம் அவரைத்தான் 'மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளின் தந்தை' என்று எழுதின. ஆனால் 20 ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் விட்னியின் துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது உறுப்புகள் அப்படி மாறிப் பொருந்தவில்லை. இரண்டு வருட ஒப்பந்தமும் முடிய ஏறத்தாழ பத்து வருடம் எடுத்தது.

உண்மையான வேலை சத்தமில்லாமல் வேறு இடத்தில் நடந்தது. 1813 இல் சிமியன் நோர்த் என்பவர் 20,000 கைத்துப்பாக்கிகளுக்குப் போட்ட ஒப்பந்தத்தில், உறுப்புகள் மாறிப் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனையாகவே எழுதப்பட்டது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜோன் ஹோல் 1820 களில் தன் துப்பாக்கிக்காக அறுபதுக்கும் மேற்பட்ட அளவுகோல் கருவிகளைச் செய்து வைத்து, அதன்படி ஒவ்வொரு உறுப்பையும் சோதித்தார். அந்த உறுப்புகள் உண்மையிலேயே மாறிப் பொருந்தின.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஹோலின் பட்டறையில் தீர்ப்புச் சொன்னது கருவிகள். ஒரு மாதிரித் துப்பாக்கி இருக்கும், அதற்கேற்ப இரும்பில் செய்த அளவுகோல்கள் இருக்கும். உறுப்பு அதில் பொருந்தினால் சரி. வேறு ஊரில் இன்னொருவர் அதே துப்பாக்கியைச் செய்ய வேண்டுமென்றால் மாதிரியையும் அளவுகோல்களையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தபாலில் அனுப்பக்கூடியதாக அளவு இன்னும் மாறவில்லை.

நீலக் கடதாசி

அதை மாற்றிய விசயங்களில் ஒன்று யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1842 இல் வானியலாளர் ஜோன் ஹெர்ஷல், இரும்பு உப்புகள் பூசிய கடதாசியில் வெளிச்சத்தால் படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள். சில பத்தாண்டுகள் கழித்துப் பொறியியல் நிறுவனங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. மெல்லிய துணியிலோ கடதாசியிலோ ஒரு படத்தைப் பிரதி கீறி எடுத்தால், அதிலிருந்து எத்தனை நீலப் பிரதி வேண்டுமென்றாலும் எடுக்கலாம். 'புளூபிரிண்ட்' என்று இன்றும் சொல்லும் சொல் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பிரதி கீறும் வேலைக்குப் பிரித்தானிய நிறுவனங்கள் பெண்களை எடுத்தன. வரைகூடத்தின் கதவு பெண்களுக்கு முதலில் திறந்தது இந்த வேலைக்காகத்தான். கூலியும் மரியாதையும் மற்றவர்களை விடக் குறைவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீலப் பிரதியைக் கழுவிக் காயவைக்க வேண்டும். நனைந்து காய்ந்த கடதாசி சுருங்கும், இழுபடும். முன்பெல்லாம் தொழிலாளி அளவு தெரியாவிட்டால் கவராயத்தைப் படத்தில் வைத்து அளந்துகொள்வார். நீலப் பிரதியில் அப்படி அளந்தால் பிழை வரும். ஆகவே வரைபடங்களில் ஒரு கட்டளை ஏறியது: படத்தை அளக்காதே. எழுதப்பட்ட இலக்கத்தை மட்டும் பார்.

சின்னக் கட்டளைதான். ஆனால் அதோடு கோடு வெறும் சித்திரமாகிவிட்டது, இலக்கம் சட்டமாகிவிட்டது. ஒரு அளவு எழுதாமல் விடுபட்டிருந்தால் தொழிலாளி தானாக ஊகிக்கக் கூடாது, வரைகூடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். தெரிந்தவர் மேசையில் இருக்கிறார், செய்பவர் கீழே இருக்கிறார் என்ற ஒழுங்கு கட்டிடத்துக்குள்ளேயே வந்தது. 1911 இல் பிரெடெரிக் டெய்லர் தன் 'விஞ்ஞான முகாமைத்துவம்' நூலை வெளியிட்டபோது இந்த ஒழுங்கையே கோட்பாடாக்கினார். தொழிலாளர்களின் தலையில் இருக்கும் அனுபவ அறிவை முகாமைத்துவம் திரட்டி, விதிகளாக்கி, திட்டமிடும் அறையில் வைக்க வேண்டும் என்றார்.

யாருடைய அங்குலம்?

இலக்கம் சட்டமென்றால் அந்தச் சட்டத்தின் அலகு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவீடன் நாட்டின் எஸ்கில்ஸ்துனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்த கார்ல் எட்வார்ட் யோகான்சன், 1896 அளவில் ஒரு தீர்வு கண்டார். தனித்தனி உருக்குக் கட்டைகள் 102. அவற்றை வேண்டியபடி ஒன்றோடொன்று சேர்த்தால், 0.01 மில்லிமீற்றர் படியில் ஏறத்தாழ 20,000 வெவ்வேறு அளவுகளைப் பெறலாம். ஹோலின் அறுபது கருவிகளும் ஒரு துப்பாக்கிக்குத்தான் உதவின. யோகான்சனின் ஒரு பெட்டி எந்தப் பொருளுக்கும் உதவியது. கட்டைகளை மினுக்க, மனைவியின் தையல் இயந்திரத்தைத்தான் மாற்றியமைத்துப் பாவித்தார் என்பது பலரும் சொல்லும் செய்தி.

ஆனால் அவருக்கு ஒரு தலையிடி இருந்தது. பிரித்தானியாவின் அங்குலம் 25.4 மில்லிமீற்றரை விட ஒரு மயிரிழை குறைவு, அமெரிக்காவின் அங்குலம் ஒரு மயிரிழை கூட. யாருடைய அங்குலத்துக்குக் கட்டை செய்வது? அவர் நடுவில் நின்று சரியாக 25.4 என்று வைத்துச் செய்தார். கட்டைகள் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பழக்கமாகிவிட்டன. அரசுகள் பின்னால்தான் வந்தன. 1959 யூலை 1 இலிருந்து அமெரிக்கா, பிரித்தானியா உள்ளிட்ட ஆறு நாடுகள் அங்குலம் என்றால் 25.4 மில்லிமீற்றர்தான் என்று ஏற்றுக்கொண்டன. நாடுகளால் ஒத்துப்போக முடியாத இடத்தில் ஒரு பெட்டி உருக்குக் கட்டை ஒத்துப்போக வைத்துவிட்டது.

படம் சொல்லாமல் விட்டது

இனி இரண்டாம் உலகப் போரிலிருந்து இரண்டு சம்பவங்கள். எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்ததே இவைதான்.

முதலாவது மெர்லின் எஞ்சின். ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கான இந்த எஞ்சினை ரோல்ஸ்-ரோய்ஸ் நிறுவனம் செய்துகொண்டிருந்தது. போர் வந்ததும் போதவில்லை. மான்செஸ்டர் பக்கத்தில் ட்ரபர்ட் பார்க்கில் ஃபோர்ட் நிறுவனம் ஒரு தொழிற்சாலை அமைத்து அதே எஞ்சினைச் செய்ய வேண்டியிருந்தது. ரோல்ஸ்-ரோய்ஸ் பொறியியலாளர் ஸ்டான்லி ஹூக்கர் தன் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்கிறார். உங்கள் படங்களை வைத்து எங்களால் எஞ்சின் செய்ய முடியாது என்று ஃபோர்ட்காரர் சொன்னார்களாம். எங்கள் அளவுகள் உங்களுக்கு அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ என்று ஹூக்கர் நினைத்தார். பதில் நேர்மாறு. உங்கள் சகிப்பெல்லைகள் எங்களுக்கு மிக அகலம், இவற்றை வைத்து உறுப்புகளை மாற்றிப் பொருத்தவே முடியாது என்றார்கள்.

எப்படி அது? அதுவரை ரோல்ஸ்-ரோய்ஸ் எஞ்சின்கள் நன்றாகத்தானே ஓடின? ஓடின. ஏனென்றால் அங்கே தேர்ந்த பொருத்துநர்கள் இருந்தார்கள். இதற்கு இது சரிவரும் என்று பார்த்து எடுப்பார்கள். தேவையான இடத்தில் அரம் போடுவார்கள். படத்தில் இருந்த இடைவெளியை அவர்களுடைய கைகள் நிரப்பின. உலகத்தின் மிகச் சிறந்த எஞ்சின்களில் ஒன்றின் வரைபடம், அதைச் செய்தவர்களின் அறிவு இல்லாமல் முழுமையாக இருக்கவில்லை. அந்தக் கைகளுக்குச் சொந்தமானவர்களின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

ஃபோர்ட் அந்தப் படங்களை எல்லாம் திரும்ப வரைந்து, சகிப்பெல்லைகளை இறுக்கியது. ஏறத்தாழ ஒரு வருடம் போனது. பிறகு அங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் முன்பு எஞ்சினைத் தொட்டிராதவர்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் அடக்கம். அவர்கள் 30,000 க்கும் மேற்பட்ட மெர்லின் எஞ்சின்களைச் செய்து முடித்தார்கள். பழைய பொருத்துநரின் பார்வையில் இது அவர் திறமையைக் களவெடுத்த கதை. அந்தப் பெண்களின் பார்வையில், நேற்றுவரை யாரும் உள்ளே விடாத ஒரு தொழிலின் கதவு திறந்த கதை. இரண்டும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

இரண்டாவது சம்பவம் ஸ்கொட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற சிற்றூரில். அங்கே கடற்படையின் டோர்பிடோத் தொழிற்சாலை இருந்தது. அதில் வேலை செய்த ஸ்டான்லி பார்க்கர் என்பவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. பரிசோதனையில் பிழை என்று தள்ளப்பட்ட உறுப்புகள் சில, எடுத்துப் பூட்டிப் பார்த்தால் நன்றாகப் பொருந்தின.

காரணம் இலக்கம் எழுதிய விதத்தில் இருந்தது. ஒரு துளையின் மையம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல, இடப்பக்க விளிம்பிலிருந்து இவ்வளவு ± 0.1, கீழ் விளிம்பிலிருந்து இவ்வளவு ± 0.1 என்று எழுதுவார்கள். இதன்படி மையம் விழக்கூடிய இடம் ஒரு சிறு சதுரம். சதுரத்தின் மூலையில் மையம் விழுந்தால் சரியான இடத்திலிருந்து 0.14 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும், ஆனாலும் ஏற்பு. அதுவே நேர் பக்கவாட்டில் 0.12 தள்ளியிருந்தால் நிராகரிப்பு. அதாவது கூடத் தள்ளியிருப்பது சரி, குறையத் தள்ளியிருப்பது பிழை! தண்டுக்குத் தெரியுமா சதுரம் எது, வட்டம் எது என்று? மூலையில் 0.14 பொருந்துமென்றால் எந்தத் திசையிலும் 0.14 பொருந்தும். ஆகவே எல்லை ஒரு வட்டமாக இருக்க வேண்டும் என்றார் பார்க்கர். அந்த வட்டத்தின் பரப்பு சதுரத்தை விட ஏறத்தாழ 57 சதவீதம் அதிகம். பொருளின் தரம் ஒரு துளியும் குறையாமல், ஏற்கப்படும் இடம் அவ்வளவு கூடுகிறது.

1956 இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே 'வரைபடங்களும் அளவுகளும்' என்பதுதான். 1966 இல் அமெரிக்காவின் ஒய்14.5 தரநிலையிலும், பிறகு உலகத் தரநிலைகளிலும் இந்தச் சிந்தனை நிலைபெற்றது. இன்று கணினியில் வரையப்படும் படங்களில் காணும் சின்னச் சின்னக் கட்டங்களும் குறியீடுகளும் அதன் வாரிசுகள்.

எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது கணக்கு மட்டுமல்ல. ஒரு உறுப்பு தள்ளப்பட்டால் நாங்கள் வழமையாகக் கேட்பது, யார் இதைப் பிழையாகச் செய்தது என்று. பார்க்கர் கேட்டது, இலக்கம் பிழையாக எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று. அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்காமல் மேசையில் இருந்து எழுதிய இலக்கம், நல்ல வேலையையும் குப்பையில் போடும்.

இங்கே

குண்டு, துப்பாக்கி, கோட்டை, டோர்பிடோ, போர் விமானம். இந்தக் கதையின் ஒவ்வொரு படியிலும் ஒரு ஆயுதம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் குழந்தைகளாக இருந்த எங்களுக்கு இதை வாசிப்பது லேசாக இருக்கவில்லை. எங்கள் வீட்டுச் சைக்கிளின் நட்டுக்கு எந்தக் கடையிலும் போல்ற் வாங்கக் கூடியதாக இருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. அதை மறைக்கவும் தேவையில்லை, அதற்காகச் சைக்கிளை எறியவும் தேவையில்லை.

எங்கள் நாட்டில் இந்த இலக்கங்களோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் யார் என்று பார்த்தால், ஆடைத் தொழிற்சாலைகளில் இருக்கும் அக்காமார். 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. ஒரு காற்சட்டை தைக்க வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து வருவதும் ஒரு வரைபடம்தான். இடுப்பு இவ்வளவு, கால் நீளம் இவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கூட்டல் கழித்தல் இவ்வளவு. துணி இரும்பு மாதிரி இல்லை. இழுபடும், சுருங்கும், அளக்கிறவரின் கைக்கு ஏற்பவும் மாறும். எல்லைக்கு வெளியே போனால் திரும்பத் தைக்க வேண்டும், அன்றைய இலக்கு தவறும், திட்டும் விழும்.

சென்-எத்தியேன் கைவினைஞருக்கு அந்த எல்லை கொடுத்த பாதுகாப்பு இங்கேயும் இருக்க வேண்டும். எல்லைக்குள் இருக்கிறது என்றால் யாரும் தள்ள முடியாது. ஆனால் ரோல்ஸ்-ரோய்ஸ் பொருத்துநரின் கையறிவும் பார்க்கரின் கேள்வியும் இங்கே எங்கே இருக்கின்றன? இந்த அளவில் இந்தத் துணி நிற்காது, இலக்கத்தை மாற்றுங்கள் என்று தைக்கிற ஒருவர் சொன்னால், அது வாங்குநர் வரைக்கும் போகுமா? சகிப்பெல்லை எழுதுவதைப் படிப்பிக்க இடமிருக்கிறது. எழுதிய எல்லையைக் கேள்வி கேட்கும் வழியும் அதோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

உங்கள் குடும்பத்திலோ அயலிலோ தொழிற்சாலைக்குப் போகிற, போன ஒருவர் இருக்கலாம். வேலையில் எத்தனை மில்லிமீற்றர், எத்தனை கால் அங்குலம் வரை விடுவார்கள், அதை யார் அளப்பார்கள், பிணக்கு வந்தால் யார் சொல்வது எடுபடும் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள். பிரான்சின் கைவினைஞர்களைப் பற்றி இன்று எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்களுடைய பிணக்குகள் எங்கோ ஒரு காகிதத்தில் பதிவாகியிருந்ததுதான்.